254 பெரிதா, 141 பெரிதா? வாகனக் கேள்வி பதில்

மின்கார்களின் இழுவை பற்றி அண்மையில் வந்த கடிதங்களை ஒன்றுசேர்த்து இம்முறை பதில் தருகிறோம். கராஜ்களில் ‘ரோர்க்’ என்று சொல்லப்படுவதை, அதாவது ஒரு தண்டைச் சுழற்றும் பலத்தை, இங்கே முறுக்கம் என்றே எழுதுகிறோம்.

கேள்வி: என்னிடம் 1.5 லீற்றர் டொயோட்டா அலியன் (240 வகை) ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு 24 கிலோவாற்று மணி பற்றரியுடைய நிசான் லீஃப் ஒன்றை வாங்க யோசிக்கிறேன். முறுக்கம் என்ற இடத்தில் அலியனுக்கு 14.4 என்றும் லீஃபுக்கு 254 என்றும் விற்பவர் ஒரு தாளில் எழுதிக் காட்டி, லீஃபின் இழுவை பதினேழு மடங்கு என்கிறார். இரண்டுக்கும் 80 கிலோவாற்று என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வதை நம்புவது?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: விற்பவர் சொல்வது வெறும் கணக்குப் பிழை. மைத்துனர் சொல்வது முக்கால்வாசி சரி.

ஜப்பானியக் கையேடுகளில் முறுக்கத்தைக் கிலோகிராம் மீற்றரில் தருகிற வழக்கம் உண்டு. 1 கிலோகிராம் மீற்றர் என்பது 9.81 நியூற்றன் மீற்றர். எனவே அலியனின் 14.4 என்பது 141 நியூற்றன் மீற்றர் ஆகும். லீஃபின் 254 ஏற்கெனவே நியூற்றன் மீற்றரில் இருக்கிறது. அதைப் பழைய அலகில் எழுதினால் 25.9 தான் வரும். பதினேழு மடங்கு என்பது இத்துடன் 1.8 மடங்காகச் சுருங்கிவிடுகிறது. இரண்டு வேறு அலகுகளை ஒரே தாளில் அருகருகே எழுதியது அறியாமையாலா, வேறு காரணத்தாலா என்பதை நேரில் பார்த்த நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இந்த 1.8 மடங்கும் அப்படியே வீதிக்கு வந்து சேர்வதில்லை. 141 என்பது எஞ்சினிலிருந்து வெளியே வரும் தண்டிலும், 254 என்பது மோட்டரின் தண்டிலும் அளக்கப்பட்டவை. காரைத் தள்ளுவது அந்தத் தண்டுகள் அல்ல, சில்லுகள். இடையில் பற்சக்கரங்கள் இருக்கின்றன. ரயர் மாற்றும்போது ஜக்கியின் பிடியைச் சுற்றுகிற கைக்கு ஒரு காரைத் தூக்கும் பலம் கிடையாது; பல தடவை சுற்றிக் கொஞ்சங் கொஞ்சமாக உயர்த்துவதால்தான் அது முடிகிறது. கியரும் அதே போலச் சுற்றுகளைக் கொடுத்து முறுக்கத்தை வாங்குகிறது. லீஃபில் ஒரேயொரு கியர் விகிதம்தான் உண்டு; மோட்டர் ஏறக்குறைய 8.2 சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். ஆகவே 254 என்பது சில்லில் ஏறக்குறைய 2080 நியூற்றன் மீற்றர் ஆகிறது. அலியனின் நான்கு கியர் தன்னியக்கப் பெட்டியில், கணக்குக்காக, முதலாம் கியர் 2.85 என்றும், பெட்டிக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள கடைசிப் பற்சக்கரங்களின் இறுதி விகிதம் 4.2 என்றும் எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 12 வருகிறது. 141 இனை 12 ஆல் பெருக்கினால் சில்லில் 1690. ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேலாக இருந்த வேறுபாடு ஒன்றேகால் மடங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. அதுமட்டுமல்ல, தன்னியக்கக் கியர்ப் பெட்டியின் முன்னால் இருக்கும் முறுக்க மாற்றி, கார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் தறுவாயில் எஞ்சினின் முறுக்கத்தைச் சுமார் இரு மடங்கு வரை பெருக்கக்கூடியது. கிளம்பும் முதற் கணத்தின் உச்ச இழுவையில் பெற்றோல் கார் தோற்றுவிடும் என்று எல்லோரும் சொல்வது, தாளில் போட்டுப் பார்த்தால், அவ்வளவு உறுதியானதன்று.

இனி மைத்துனர் சொன்ன கிலோவாற்றுக்கு வருவோம். முறுக்கத்தை நிமிடத்துக்கான சுற்றுகளால் பெருக்கி 9549 ஆல் வகுத்தால் வலு, அதாவது வேலை செய்யும் வீதம், கிலோவாற்றில் கிடைக்கும். லீஃபின் 254, நிமிடத்துக்கு 3008 சுற்றில் சரியாக 80 கிலோவாற்றைத் தருகிறது. அலியன் 80 கிலோவாற்றைத் தருவது 6000 சுற்றில். அப்போது அதன் முறுக்கம் உச்சமான 141 கூட அல்ல, 127 தான். கியரால் முறுக்கத்தை எவ்வளவும் கூட்டலாம், குறைக்கலாம். வலுவைக் கூட்ட எந்தக் கியராலும் முடியாது, உராய்வில் சிறிது இழக்கத்தான் முடியும். அதனால்தான் இரண்டு வாகனங்களை ஒப்பிடும்போது தண்டின் முறுக்கத்தை விட்டுவிட்டு, வீதியில் ஒரே வேகத்தில் ஓடும்போது ஒவ்வொன்றும் சில்லுக்கு எவ்வளவு வலுவைக் கொடுக்கிறது என்று பார்க்கச் சொல்கிறோம். அதுவே நியாயமான தராசு.

மைத்துனர் தவறவிட்ட கால்வாசி இங்கேதான் இருக்கிறது. ரயரின் ஆரையை 0.3 மீற்றர் என்று எடுத்தால், லீஃபின் மோட்டர் 3008 சுற்றை அடைவது மணிக்கு ஏறக்குறைய 41 கிலோமீற்றரில். அதிலிருந்து மோட்டர் 10,000 சுற்றைத் தொடும் 138 கிலோமீற்றர் வரை 80 கிலோவாற்றும் முழுதாகக் கையில் இருக்கும். அலியனோ அந்த 80 கிலோவாற்றை முதலாம் கியரில் 56 கிலோமீற்றரை ஒட்டி ஒரு தடவை தொடும். இரண்டாம் கியரில் 104 கிலோமீற்றரை ஒட்டி இன்னொரு தடவை தொடும். இடையில் எல்லாம் அதைவிடக் குறைவு. கையேட்டில் இரண்டுக்கும் ஒரே எண்தான். ஒன்றில் அது நீண்ட மேட்டுநிலம், மற்றதில் கூரான முனை.

மணிக்கு 60 கிலோமீற்றரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். லீஃபின் சில்லில் ஏறக்குறைய 1440 நியூற்றன் மீற்றர் கிடைக்கும். அலியன் நான்காம் கியரில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்தால், எஞ்சின் 1560 சுற்றில் 120 நியூற்றன் மீற்றர் தருவதாகக் கொண்டு, சில்லில் கிடைப்பது 350 தான். ஆக்சிலேற்றரை அழுத்திப் பெட்டி இரண்டாம் கியருக்கு இறங்கிய பின்னர் அது 900 ஆகும். இதனுடன் எடையையும் சேர்க்க வேண்டும். லீஃப் ஏறத்தாழ 1450 கிலோகிராம், அலியன் ஏறத்தாழ 1150. இரண்டிலும் இருவர் ஏறியதாகக் கொண்டு இழுவையை எடையால் வகுத்தால், கிலோகிராம் ஒன்றுக்கு லீஃபுக்கு 3.0 நியூற்றனும், அலியனுக்கு நான்காம் கியரில் 0.9 உம், இரண்டாம் கியரில் 2.3 உம் வருகின்றன. அதாவது மிதித்த அந்தக் கணத்தில் லீஃப் மும்மடங்குக்கும் மேலாக இழுப்பதுபோல் தெரியும். கியர் இறங்கிய பின்னர் உண்மையான வேறுபாடு ஒன்றேகால் மடங்கை ஒட்டித்தான். லீஃபை ஓட்டிப் பார்த்தவர்கள் ‘பயங்கர இழுவை’ என்று சொல்வதில் பெரும்பங்கு, கியர் இறங்கக் காத்திருக்க வேண்டிய அந்த இடைவெளி இல்லாமற் போனதுதான்.

மணிக்கு 100 கிலோமீற்றரில் கணக்கு திரும்பிவிடுகிறது. அங்கே லீஃபின் சில்லில் 864 தான் மிஞ்சும். அலியனின் இரண்டாம் கியரில் ஏறக்குறைய 845. எடையால் வகுத்தால் இலேசான அலியன் சற்று முன்னே நிற்கும். பெற்றோல் காரின் கியர்ப் பெட்டியில் வீணாவதைக் கழித்தால் அந்த இடைவெளி குறைந்துவிடும். ஆகவே தெற்கே அதிவேகப் பாதைகளில் ஓடுவதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், முறுக்கத்தைப் பார்த்து லீஃபுக்கு மாற ஒரு காரணமும் இல்லை. கண்டி வீதியில் சாவகச்சேரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் பஸ்களையும் லான்ட்மாஸ்டர்களையும் முந்திச் செல்வதற்காக என்றால் காரணம் இருக்கிறது.

கேள்வி: மின்மோட்டர் பூச்சிய வேகத்திலேயே உச்ச முறுக்கத்தைத் தருகிறது என்கிறார்களே, பூச்சிய வேகத்தில் வலு பூச்சியம் அல்லவா? பிறகு எப்படி இழுக்கிறது? வேகம் கூடக்கூட ஏன் முறுக்கம் குறைகிறது?
(உயர்தர மாணவி, நெல்லியடி)

பதில்: நல்ல கேள்வி, விடையின் பாதியைக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள். சுற்றாத தண்டில் முறுக்கம் எவ்வளவு இருந்தாலும் வலு பூச்சியம்தான். ஆனால் ஆர்முடுகலைத் தருவது விசை. விசை இருந்தால் கார் நகரும். நகர்ந்த அடுத்த கணமே வலுவும் பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கிவிடும்.

லீஃபில் இருப்பது நிரந்தரக் காந்த ஒத்தியங்கு மோட்டர். அதன் முறுக்கம் கம்பிச்சுருள்களில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. மின்னோட்டத்தின் உச்ச அளவை, பற்றரியின் நேரோட்டத்தை மோட்டருக்கான ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டரின் தாங்குதிறன் தீர்மானிக்கிறது. மோட்டர் நின்றாலும் ஓடினாலும் அந்த எல்லை ஒன்றே என்பதால் 0 முதல் 3008 சுற்று வரை வரைபு கிடையாக 254 இல் நிற்கிறது. மோட்டர் வேகமாகச் சுற்றும்போது அதன் காந்தங்களே சுருள்களில், பற்றரியை எதிர்த்து நிற்கும் பின் மின்னியக்கவிசையைத் தூண்டுகின்றன. அது வேகத்தோடு வளர்ந்து பற்றரியின் வோல்ற்றளவை நெருங்கும். அதற்குப் பின்னர் அதே மின்னோட்டத்தை அதே விதமாக உள்ளே செலுத்த முடியாது. மின்னோட்டத்தின் ஒரு பங்கைக் காந்தப் புலத்தை நலிவாக்குவதற்கே செலவிட்டு மோட்டரை மேலும் வேகமாகச் சுற்ற வைக்கிறார்கள். அப்போது முறுக்கம் குறையும், வேகம் கூடும், இரண்டின் பெருக்கம் 80 கிலோவாற்றில் நிலைத்து நிற்கும். உங்கள் வரைபுத்தாளில் 3008 க்குப் பிறகு முறுக்கத்தை வேகத்துக்கு எதிரே குறித்தால் அதிபரவளைவு ஒன்று கிடைக்கும்.

பெற்றோல் எஞ்சினின் கதை வேறு. அதன் முறுக்கம் ஒவ்வொரு உறிஞ்சல் அடிப்பிலும் உருளைக்குள் எவ்வளவு காற்று நிரம்புகிறது என்பதைப் பொறுத்தது. வால்வுகள் திறந்து மூடும் நேரமும் காற்றுக் குழாயின் நீளமும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கே மிகப் பொருந்தும். அலியனில் அது 4200 சுற்றை ஒட்டி இருக்கிறது. நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளுக்குக் கீழே எஞ்சின் நின்றே போகும். ஆகவே ‘பூச்சியத்தில் எஞ்சினின் முறுக்கம் எவ்வளவு’ என்று கேட்பதில் பொருள் இல்லை. அந்த இடத்தில் கேட்க வேண்டியது, கிளச்சையோ முறுக்க மாற்றியையோ தாண்டிச் சில்லுக்கு வருவது எவ்வளவு என்பதே.

கேள்வி: எனது வாடிக்கையாளர் ஒருவர் தன் லீஃபைக் கொழும்பில் உருளைச் சோதனை இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுவந்த தாளில் முறுக்கம் 1850 நியூற்றன் மீற்றர் என்று இருக்கிறது. அதே இயந்திரத்தில் ஏற்றிய அலியனுக்கு 118 தான். இயந்திரம் பிழையா?
(கராஜ் உரிமையாளர், கொக்குவில்)

பதில்: இயந்திரம் பிழை அல்ல. இரண்டு தாள்களும் இரண்டு வேறு இடங்களின் முறுக்கத்தைச் சொல்கின்றன.

சில்லுகளை உருளைகளின் மேல் ஓடவிட்டு அளக்கும் இந்த இயந்திரம் நேரடியாக அறிவது உருளையின் மேற்பரப்பில் ரயர் கொடுக்கும் விசையையும் உருளையின் வேகத்தையும் மட்டுமே. இரண்டையும் பெருக்கினால் வலு. எஞ்சினின் முறுக்கம் என்று தாளில் அச்சாவது, அந்த வலுவை எஞ்சின் சுற்றுகளால் வகுத்துப் பின்னர் பெறப்பட்ட எண். பெற்றோல் காரில் பிளக் வயரிலோ கொயிலிலோ ஓர் உணரியை மாட்டி அந்தச் சுற்றுகளை எடுப்பார்கள். மின்காரில் பிளக் இல்லை, தீப்பொறி இல்லை. சுற்றுகளை அந்த வழியில் எடுக்க முடியாததால் மென்பொருள் சில்லின் முறுக்கத்தையே அச்சிட்டுவிடுகிறது. 1850 ஐ 8.2 ஆல் வகுத்தால் 226 வருகிறது. கையேட்டின் 254 இல் இது 89 சதவீதம். அலியனின் 118, அதன் 141 இல் 84 சதவீதம். ஒன்றில் இரண்டு சோடிக் குறைப்புப் பற்சக்கரங்களும் அச்சுகளும் ரயரும். மற்றதில் எண்ணெய் நிறைந்த தன்னியக்கப் பெட்டி. இந்த வித்தியாசம் எதிர்பார்க்கக்கூடியதே. இரண்டு தாள்களிலும் சந்தேகப்பட எதுவும் இல்லை.

ஆனால் இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிடுவதற்கு முன் இயக்குநரிடம் கேட்க வேண்டிய விடயங்கள் சில உண்டு. முக்கியமானது, வரைபின் கிடை அச்சைச் சுற்றுகளிலிருந்து மணிக்குக் கிலோமீற்றருக்கு மாற்றித் தரச் சொல்வது. நிலை அச்சில் கிலோவாற்று இருந்தால் போதும். அப்போது கியர் விகிதம் பற்றிய தகராறு முழுவதும் விலகிவிடும்.

இரண்டாவது, காலநிலைத் திருத்தம். வாகனப் பொறியியலாளர் சங்கத்தின் எஸ்.ஏ.ஈ. ஜே1349 என்ற நியமம் 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையையும் 99 கிலோபஸ்கால் உலர்காற்று அமுக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டது. வெளியே 33 பாகையும் கடலோர ஈரப்பதனும் இருந்தால், காற்று ஐதாகி எஞ்சின் இழந்ததை ஈடுசெய்ய மென்பொருள் ஏறக்குறைய 3 சதவீதத்தைக் கூட்டிவிடும். பெற்றோல் எஞ்சினுக்கு இது நியாயம். காற்றைச் சுவாசிக்காத மோட்டருக்கும் அதே 3 சதவீதத்தைச் சேர்ப்பது இனாம் கொடுப்பது. மின்காரை ஏற்றும்போது இந்தத் திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும். பல இடங்களில் நிறுத்துவதில்லை.

மூன்றாவது, சுழலும் பாகங்களின் சடத்துவம். உருளையை வேகமேற்றி அளக்கும் இயந்திரங்களில், எஞ்சினோ மோட்டரோ தன்னைத்தானே வேகமேற்றிக்கொள்ளச் செலவிடும் முறுக்கம் உருளைக்கு வந்து சேராது. இந்த இழப்பு கியர் விகிதத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. அலியனை முதலாம் கியரில் ஓட்டினால் விகிதம் 12, வர்க்கம் 144. மூன்றாம் கியரில் 4.2, வர்க்கம் 18 ஐ ஒட்டி. ஒரே கார் கியருக்கு ஒரு வலுவைக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். லீஃபுக்குத் தெரிவு இல்லை, 8.2 இன் வர்க்கமாகிய 67 தான். இயந்திரத்தில் பிரேக் வசதி இருந்தால், உருளையை ஒரே வேகத்தில் பிடித்துவைத்து அந்த வேகத்தின் இழுவையை வாசிப்பதே இரண்டு வாகனங்களுக்கும் பொதுவான நேர்மையான வழி. நேரமும் ரயரும் கூடச் செலவாகும் என்பதால் இயக்குநர்கள் விரும்பமாட்டார்கள்.

முன்சில்லுகள் மட்டும் சுழன்று பின்சில்லுகள் நிற்கும்போது காரின் வழுக்கற் கட்டுப்பாடு, கார் வழுக்குகிறது என்று நினைத்து மோட்டரின் முறுக்கத்தை வெட்டிவிடுவதும் உண்டு. தாளில் வளைவு திடீரென்று பள்ளம் விழுந்தால் மோட்டரைக் குறைசொல்வதற்கு முன் அதைப் பாருங்கள். பற்றரியில் எவ்வளவு மின் இருந்தது, அது எத்தனையாவது ஓட்டம் என்பவற்றையும் தாளின் ஓரத்தில் எழுதி வாங்குவது நல்லது.

கேள்வி: 10,000 நியூற்றன் மீற்றர் முறுக்கமுள்ள மின்கார் இருப்பதாக யூரியூப்பில் பார்த்தேன். லொறிக்குக்கூட அவ்வளவு இல்லையே?
(வாசகர், வட்டுக்கோட்டை)

பதில்: லொறியின் சில்லில் அதைவிட அதிகம் உண்டு. நீங்கள் பார்த்தது 2017 இல் டெஸ்லா தன் புதிய ரோட்ஸ்ரருக்காக அறிவித்த எண்ணாக இருக்க வேண்டும். அது சில்லில் கிடைக்கும் முறுக்கம் என்று சொல்லியே அறிவிக்கப்பட்டது. 2020 இல் ஜி.எம்.சி. தன் மின்சார ஹம்மருக்கு 11,500 இறாத்தல் அடி, அதாவது ஏறக்குறைய 15,600 நியூற்றன் மீற்றர், என்று விளம்பரம் செய்ததும் இதே வகைதான். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் அயலவரின் அலியனுக்கும் முதலாம் கியரில் 1690 என்று விளம்பரம் போடலாம். ஒருவரும் போடுவதில்லை.

இரண்டு மோட்டர்கள் உள்ள கார்களில் இன்னொரு பொறி உண்டு. முன் மோட்டரின் உச்சத்தையும் பின் மோட்டரின் உச்சத்தையும் கூட்டி ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். பற்றரியால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அவ்வளவு கொடுக்க முடியுமா என்பது வேறு விடயம். டெஸ்லாவின் பி85டி மாதிரிக்கு 691 குதிரைவலு என்று சொல்லப்பட்டு, 2015 இல் பற்றரியின் எல்லையோடு சேர்த்து 463 என்று திருத்தி வெளியிடப்பட்டது. மின்கார்க் காரர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் 1972 ஆம் ஆண்டு மாதிரிகளுக்கு முன்னர், விசிறியும் சைலன்சரும் பூட்டாமல் மேசையில் வைத்து அளந்த எண்ணையே பெற்றோல் கார்களுக்கும் பெருமையாக எழுதிவந்தார்கள்.

கேள்வி: மின்மோட்டரின் உச்ச வலு சில நிமிடங்களுக்குத்தான், பிறகு சூடாகிக் குறைந்துவிடும் என்கிறார்கள். நுவரெலியாவுக்கு லீஃபில் குடும்பமாகப் போனால் ஏற்றத்தில் நின்றுவிடுமா?
(வாசகர், கிளிநொச்சி)

பதில்: உச்ச வலு நீடிக்காது என்பது உண்மை. அதனால்தான் ஐக்கிய நாடுகளின் 85 ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி, மின்மோட்டருக்கு உச்ச வலுவோடு 30 நிமிடங்களுக்குத் தொடர்ந்து தரக்கூடிய வலுவையும் அளக்கச் சொல்கிறது. பெற்றோல் எஞ்சினுக்கு அப்படி இரண்டு எண்கள் தேவைப்படுவதில்லை. எங்கள் நாட்டில் இறக்குமதி வரி பெற்றோல் காருக்குக் கொள்ளளவையும் மின்காருக்குக் கிலோவாற்றையும் வைத்துக் கணக்கிடப்படுவதால், ஒரு தாளில் இருக்கும் கிலோவாற்று எந்தக் கிலோவாற்று என்று கேட்டு வைத்துக்கொள்வது பணத்துக்கும் நல்லது.

ஏற்றத்தில் நின்றுவிடுமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை. 1600 கிலோகிராம் நிறைந்த கார் 100 மீற்றருக்கு 6 மீற்றர் உயரும் வீதியில் மணிக்கு 40 கிலோமீற்றரில் ஏற, புவியீர்ப்புக்கு எதிராகத் தேவைப்படுவது 10.5 கிலோவாற்று, ரயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 13 ஐ ஒட்டி வரும். இது உச்சத்தின் ஆறில் ஒரு பங்கு. திரவக் குளிரூட்டல் இல்லாத லீஃபின் பற்றரி நீண்ட ஏற்றத்திலும் வேக மின்னேற்றத்திலும் சூடேறும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது முறுக்கத்தின் குறை அல்ல.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று யாழ்ப்பாணத்தில் உள்ளதைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஐதானது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் ரேபோ இல்லாத பெற்றோல் எஞ்சின் அதே அளவு முறுக்கத்தை இழந்துதான் அங்கு ஏறுகிறது. லீஃபின் 254 அங்கும் 254 தான். கடற்கரையில் செய்த ஒப்பீட்டை மலைநாட்டுக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: உருளை இயந்திரத்துக்குப் போகாமல் வீதியிலேயே இரண்டு கார்களையும் நியாயமாக ஒப்பிட வழி இருக்கிறதா?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: இருக்கிறது. மணிக்கு 30 கிலோமீற்றரிலிருந்து 70 வரை போக எத்தனை செக்கன் என்று அளந்தால் போதும்; நகரத்துக்கு வெளியே கார்களுக்கான வேக எல்லையும் 70 தான். ஆனையிறவைத் தாண்டிய நேர்ப்பாதைகள் போன்ற தட்டையான, கண்ணுக்கெட்டும் தூரம்வரை ஒருவரும் இல்லாத இடத்தையும் விடிகாலையையும் தெரிவுசெய்யுங்கள். கார்களின் வேகமானி கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். வேகத்தைப் பயன்படுத்துங்கள், அதை அருகில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும், ஓட்டுநர் அல்ல. பல தொலைபேசிகள் செக்கனுக்கு ஒரு தடவைதான் வேகத்தைப் புதுப்பிக்கும், அதனால் ஒரே ஓட்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் திறந்த வெளியில் காற்றே முடிவை மாற்றிவிடும்; ஒவ்வொரு காரையும் இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுங்கள்.

கணக்கு இலகுவானது. 30 இலிருந்து 70 க்குப் போகும் ஒவ்வொரு கிலோகிராமும் ஏறக்குறைய 154 யூல் இயக்கசக்தியைப் பெறுகிறது. காரின் எடையையும் ஏறியவர்களின் எடையையும் கூட்டி 154 ஆல் பெருக்கி, எடுத்த செக்கன்களால் வகுத்தால் சராசரி வலு வாற்றில் வரும். 1600 கிலோகிராம் லீஃபும் 1300 கிலோகிராம் அலியனும் ஒரே 5 செக்கனில் இதைச் செய்தன என்று வைத்துக்கொண்டால், முன்னது 49 கிலோவாற்றையும் பின்னது 40 கிலோவாற்றையும் வீதிக்குக் கொடுத்திருக்கின்றன. பந்தயம் சமம், மோட்டரும் எஞ்சினும் சமம் அல்ல. எதை ஒப்பிட விரும்புகிறீர்கள் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அலியனுக்கு இரண்டு வகையாக அளக்க வேண்டும். நான்காம் கியரில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்து, ஆக்சிலேற்றரை அடிவரை மிதித்த கணத்திலிருந்து செக்கன்களை எண்ணுவது ஒன்று. கியரைக் கீழே இறக்கி வைத்து, எஞ்சின் ஏற்கெனவே உயர்ந்த சுற்றில் இருக்கும்போது எண்ணுவது மற்றது. முதலாவது அன்றாட ஓட்டத்தின் எண், இரண்டாவது எஞ்சினின் எண். லீஃபில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். லீஃபில் ஈக்கோ முறையை நிறுத்தியும், இரண்டு கார்களிலும் ஏ.சி.யை அணைத்தும், ரயர்களின் காற்றைச் சரிபார்த்தும் ஓட்டுங்கள். பற்றரி பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் மின்னேற்றிய பிறகே அளவை எடுங்கள்.